ஜெபம் இல்லாத தொட்டி

"இது அறிவியல் வகுப்பு, சிஸ்டர். இதுல போய் இப்படியெல்லாம் பண்ணலாமா?" என்றார் அறிவியல் டீச்சர்.

தலைமையாசிரியை சிஸ்டர் நிமிரவில்லை. மேசை மேல் கிடந்த சாக்பீஸ் துண்டுகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டுக்கொண்டிருந்தார்.

"காண்ட்ராக்டர் கேட்டார். சரின்னுட்டேன்."

காண்ட்ராக்டர் பள்ளிக் கமிட்டியில் பெரிய கை. சுற்றுச்சுவர் அவர் கட்டிக் கொடுத்தது. அவர் மகள் நாலாம் வகுப்பு. ராத்திரி சாப்பாட்டின்போது அவள் வாய் திறந்ததுதான் வினையாகிவிட்டது.

"விதை முளைக்கத் தண்ணி, காத்து, சூடு மூணும் போதும்ப்பா. டீச்சர் சொன்னாங்க."

"அப்போ கடவுள்?"

"அது பாடத்துல வரலப்பா."

மறுநாள் முதல் மணி அடிக்கும் முன்பே காண்ட்ராக்டர் பள்ளியில் நின்றார். சோதனையையும் அவரே யோசித்துக்கொண்டு வந்திருந்தார். இரண்டு தொட்டிகளில் அவரை விதை போட வேண்டும். ஒன்றுக்கு வகுப்பே சேர்ந்து தினமும் ஜெபம் பண்ண வேண்டும். மற்றதற்குப் பண்ணக் கூடாது. ஜெபம் பண்ணிய செடி ஓங்கி வளர்ந்தால், டீச்சர் பிள்ளைகள் முன்னால் தப்பை ஒத்துக்கொண்டு வேறு பள்ளி பார்த்துக்கொள்ள வேண்டும்.

"ஜெபம் பண்ணின செடி ஓங்கி வளர்ந்தா என் வேலை போச்சு," என்றார் டீச்சர். "ரெண்டும் ஒண்ணா வளர்ந்தாலும் போச்சு. கிறிஸ்தவப் பள்ளியில உக்காந்துக்கிட்டு ஜெபத்தையே பொய்யாக்கிட்டாங்கன்னு கமிட்டியில அவரே சொல்வார். எப்படிப் பார்த்தாலும் என் தலைதான் உருளும். நீங்க ஒரு வார்த்தை மறுத்துப் பேசியிருக்கலாம், சிஸ்டர்."

"நீங்க சோதனையை ஒழுங்கா பண்ணுங்க, டீச்சர். எல்லாம் பிள்ளைங்க கையாலயே நடக்கட்டும்."

டப்பா மூடப்பட்டது. பேச்சும் முடிந்தது.

"சுவரோட சேர்த்து சிஸ்டர் வாயையும் கட்டிட்டார் போல," என்றார் கணக்கு டீச்சர், ஆசிரியர் அறையில். யாரும் சிரிக்கவில்லை. உண்மை மாதிரியே இருந்தது.

வேலை போனாலும் போகட்டும், அரைகுறையாகச் செய்வதில்லை என்று அறிவியல் டீச்சர் முடிவு செய்தார். ஒரே மண்ணைச் சலித்து இரண்டிலும் போட்டார். இருமல் மருந்து மூடியால் அளந்து தண்ணீர். ஜன்னல் வெளிச்சத்தில் ஏற்றத்தாழ்வு வரக் கூடாது என்று தினமும் தொட்டிகளை இடம் மாற்றச் சொன்னார்.

காலையில் பிள்ளைகள் முதல் தொட்டியைச் சுற்றி நின்று கண்ணை மூடுவார்கள்.

"ரெண்டாவது தொட்டிக்கு யாரும் ஜெபம் பண்ணக் கூடாது. பண்ணினா வித்தியாசம் தெரியாது," என்றார் டீச்சர்.

"யாருமேவா டீச்சர்?"

"யாருமே."

இரண்டு வாரம் கழித்து காண்ட்ராக்டர் தன் சொந்த அளவு டேப்போடு வந்தார். அளந்தார். மறுபடி அளந்தார். குனிந்து பக்கவாட்டில் பார்த்தார்.

இரண்டும் ஒரே உயரம்.

"இதுல என்னமோ நடந்திருக்கு, சிஸ்டர். இந்த ரெண்டாவதுக்கு உரம் கிரம் போட்டிருக்காங்க."

"நான் போடலை, சார்," என்றார் டீச்சர்.

சிஸ்டர் வகுப்பின் பக்கம் திரும்பினார். "இந்தத் தொட்டிக்கு யாராவது ஏதாவது பண்ணீங்களா? பயப்படாம சொல்லுங்க."

காண்ட்ராக்டரின் மகள் எழுந்தாள்.

"நான் ஜெபம் பண்ணினேன், சிஸ்டர்."

"ஏம்மா?"

"அதுக்கு யாருமே பண்ணக் கூடாதுன்னாங்களே. பாவமா இருந்துச்சு. வீட்டுல போர்வைக்குள்ள பண்ணினேன்."

"நானும்," என்றது இன்னொரு குரல். "சாப்பிடறதுக்கு முன்னாடி."

"நான் பஸ்ல பண்ணினேன், சிஸ்டர். ஆனா கண்ணை மூடலை. இறங்குற இடம் போயிடும்."

"நான் அதுக்கு மட்டும்தான் பண்ணினேன்," என்றான் கடைசி பெஞ்சுக்காரன். "மத்ததுக்குத்தான் எல்லாரும் பண்றாங்களே."

வகுப்பில் தூக்காத கை ஒன்றுகூட இல்லை.

டீச்சருக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. "சோதனை கெட்டுப்போச்சு, சார். ஜெபம் இல்லாத தொட்டின்னு ஒண்ணு இங்க இல்லவே இல்லை. இதை வெச்சு நீங்களும் ஒண்ணும் சொல்ல முடியாது. நானும் சொல்ல முடியாது."

"அப்போ திரும்ப வைப்போம். இந்தத் தடவை பிள்ளைங்ககிட்ட கண்டிச்சுச் சொல்லிடணும்."

"என்னன்னு சொல்றது?" என்றார் சிஸ்டர். "இதுக்காக ஜெபம் பண்ணாதேன்னா? எனக்கு அது வராது. நீங்களே சொல்லுங்க, சார். முதல்ல உங்க பொண்ணுகிட்ட."

காண்ட்ராக்டர் மகளைப் பார்த்தார். அவள் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தாள். இழுத்துப் பிடித்திருந்த டேப் நுனியை விட்டார். அது சட்டென்று உள்ளே சுருண்டுகொண்டது.

"டீச்சர் பாடத்தை நடத்தட்டும்," என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

வராந்தாவில் டீச்சர் கேட்டார். "இப்படித்தான் நடக்கும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா, சிஸ்டர்?"

"தெரியும்."

"அவ்வளவு நிச்சயமா? பிள்ளைங்க நான் சொன்னபடியே கேட்டு, அதுக்கு ஜெபம் பண்ணாம விட்டிருந்தா? என் வேலை போயிருக்குமே."

"உங்க வேலை ஏன் போகணும்?" என்றார் சிஸ்டர். "ஒண்ணாம் வகுப்புலேர்ந்து இவங்களுக்கு ஜெபமும் மறைக்கல்வியும் சொல்லிக்கொடுக்குறது நான். அப்படி விட்டிருந்தா, வேலையை விட வேண்டியது நான்தான்."