அவசரக் கடிதம்

ஏலப்பாறை எஸ்டேட் ஆபீசில் மேனேஜர் பொன்ராஜின் கம்ப்யூட்டர் மூன்று நாளாகப் பாஸ்வேர்டு கேட்டுக்கொண்டே இருந்தது.

“இது சர்வர் கோளாறு, சாந்தம்மா. ஹெட் ஆபீசுக்குப் போக வேண்டிய அவசர மெயில் நிக்குது.”

“கொஞ்சம் நகருங்க சார்.” ஓய்வுக்கு இரண்டு வருடமே பாக்கியிருந்த கிளார்க் சாந்தம்மாள், கம்ப்யூட்டர் சேமித்து வைத்திருந்த பழைய பாஸ்வேர்டை அழித்தாள். “போன வாரம் மாத்துனீங்கள்ல, இது பழசையே பிடிச்சுக்கிட்டுக் கெடந்துச்சு. புதுச அடிங்க. இனிமே கேக்காது.”

“நானும் அதைத்தான் சொல்ல வந்தேன்.”

அவருடைய கடிதங்களை எப்போதும் அவள்தான் தட்டி அனுப்புவாள். இதை மட்டும் அவரே ஒற்றை விரலால் தட்டியிருந்தார். அது திரையில் விரிந்தது: ‘சாந்தம்மாளுக்குக் கணினி அறிவு போதாது. உடனே வேலையிலிருந்து நீக்கலாம்.’

பொன்ராஜ் அவள் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

“இத அனுப்ப எங்க அமுக்கணும்?”