ஆளில்லாத அலை

ஊர்க் கடற்கரையில் அலை பிரமாதமாக வரும். ஆனால் ஒவ்வொரு அலைக்கும் பத்து சர்ஃபிங் பலகைகள் முண்டியடிக்கும். அது பொறுக்காத மஞ்சள் பலகை, தன் ஆள் செல்வினோடு படகேறி, யாருமே போகாத பவளப்பாறைக்கு வந்தது. இறக்கிவிட்ட படகும் போய்விட்டது.

பலகையின் வாலையும் செல்வினின் கணுக்காலையும் பிணைத்திருந்த கயிற்றுக்கு வந்ததிலிருந்தே நடுக்கம்.

"அண்ணே, அலை சுமாராத்தான் இருக்கு. இடுப்பளவு எழும்பிட்டுப் பொசுக்குனு சரியுது. கீழ பாறை வேற ஊசி ஊசியா நிக்குது. நமக்கு எதுக்கு வம்பு?"

"சுமாரா இருந்தா என்னடா? இங்க நம்மள இடிக்க ஒருத்தன் உண்டா?" என்றது பலகை.

நாலாவது அலையில் செல்வின் தவறி விழுந்தான். கயிறு அடியில் ஒரு பாறைக் கொம்பில் சிக்கிக்கொண்டது. அவன் உதைக்க உதைக்க அது இன்னும் இறுகியது. இழுத்த இழுப்பில் பலகை தண்ணீருக்கு மேலே செங்குத்தாக நின்றது.

ஊரில் ஒரு பலகை இப்படி நின்றால் போதும். கீழே ஆள் மாட்டிக்கொண்டான் என்று, இடித்துக்கொண்டிருந்த அத்தனை பேரும் பாய்ந்து வருவார்கள்.

மேலே பலகை இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்ப்பது கயிற்றுக்குத் தெரிந்தது. காலின் உதைகளோ குறைந்துகொண்டே வந்தன.

"அண்ணே, யாராச்சும் வர்றாங்களா?"

பலகை நிமிர்ந்து நின்றுகொண்டே இருந்தது.