முதல் பெயர்

"என் பேரு முதல்ல வரலீன்னா கட்டுரை வெளிய போகாது அம்மணி!"

இப்படி மிரட்டித்தான், தேஜஸ்ரீயின் புற்றுநோய் ஆய்வுக் கட்டுரையில் துறைத்தலைவர் சென்னகேசவன் தன் பெயரை முதலில் சேர்த்திருந்தார்.

இன்று கல்லூரி முதல்வர் அறையில், அந்தக் கட்டுரையோடு வெளியூர்க்காரர்கள் இருவர் இறுகிய முகத்துடன் காத்திருந்தார்கள்.

"விசாரிக்க வந்திருக்காங்க சார்," என்றாள் தேஜஸ்ரீ.

சென்னகேசவன் தயங்கியபடி உள்ளே நுழைந்தார்.

"உண்மையில இதைச் செஞ்சது யாருங்க?" என்றார் வந்தவர்.

"இந்தப் புள்ளதானுங்க! தப்பு எதுன்னாலும் இதையே கேளுங்க. நான் லேப் பக்கமே போகலீங்க. மரியாதைக்கு என் பேரைப் போட்டுருச்சுங்க."

வந்தவர் மலர்ந்தார். "வாழ்த்துகள்ம்மா! உலகமே மேற்கோள் காட்டற கட்டுரை. விருது ஒருத்தருக்குத்தான், யாருக்குன்னு குழம்பிட்டு இருந்தோம்."

தேஜஸ்ரீ சென்னகேசவனிடம் திரும்பினாள்.

"விருது விழா கொடிசியா அரங்குலதானாம் சார். நீங்களும் வந்துருங்க, மரியாதைக்கு."