ஜிப் வைத்த கொள்ளையன்

கத்தியின் குளிர் பின்கழுத்தில் பட்டதும் கதாநாயகன் கண்களை இறுக மூடிக்கொண்டான். "ம், ஆரம்பி. அவனைத் தீர்த்துக்கட்ட இதுதான் வழின்னா நடக்கட்டும்" என்றான் பல்லைக் கடித்தபடி.

முடிதிருத்துபவர்தான் தயங்கினார். பதினைந்து வருஷமாகத் தோளில் புரண்ட முடி அது. நாயகனின் நடிப்பைப் பற்றி வாயே திறக்காதவர்கள்கூட அந்த முடியைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள்.

"சார், இன்னொரு தடவை யோசிச்சுக்குங்க. வழிச்சுட்டா ஒட்டவைக்க முடியாது."

"யோசிச்சாச்சு. வழி!"

தீர்த்துக்கட்ட வேண்டியவனுக்கு ஊர் வைத்த பெயர் பூதக்கண்ணாடி. சரித்திரப் படங்களில் உடை தப்பு, வாள் தப்பு என்று வீடியோ போட்டே பிழைப்பவன். போன படத்தில் நாயகன் முந்நூறு வருஷத்துக்கு முந்தைய கடற்கொள்ளையன். பாய்மரத்திலிருந்து வாளை ஓங்கியபடி குதித்தபோது கால்சட்டையில் ஜிப் பளபளத்தது. பூதக்கண்ணாடி அதற்குச் சிவப்பு வட்டம் போட்டுக் காட்ட, ஊரே வயிறு வலிக்கச் சிரித்தது. பெட்ரோல் பங்க்கில்கூட "ஜிப்பு அண்ணே" என்று கூப்பிட்டார்கள்.

இத்தனைக்கும் டெய்லர் தலைபாடாக அடித்துக்கொண்டார். "அந்தக் காலத்துல ஜிப் ஏது சார்? கயிறுதான்" என்றார். "கயிறை அவுக்குறதுக்குள்ள எனக்கு உயிர் போயிடும். ஜிப்பை வைய்யா" என்று அதட்டியவன் நாயகன்தான்.

ஆனால் மானம் கப்பலேறியதும் பழியை டெய்லர் தலையில் போட்டு விரட்டினான். அந்த ஆள் இனி எந்தப் படத்துக்கும் ஒரு பொத்தான்கூடத் தைக்கக் கூடாது என்று எல்லாக் கம்பெனிக்கும் ஃபோன் போட்டான். அப்புறம் அவரை அடியோடு மறந்தும் போனான். பூதக்கண்ணாடியை மட்டும் மறக்கவே முடியவில்லை.

இந்தப் புதுப் படத்திலும் நாயகன் கடற்கொள்ளையன்தான். பூதக்கண்ணாடி இதில் ஒரு குறைகூடக் கண்டுபிடிக்கக் கூடாது, வாயடைத்துப் போய்க் கடையைக் கட்ட வேண்டும். அதற்கென்றே வரவழைக்கப்பட்டவர் இப்போது பக்கத்தில் நிற்கும் சரித்திரப் பேராசிரியை. முதல் நாளே அளவுச் சீட்டோடு வந்தார். அதில் இடுப்பு முப்பத்தெட்டு என்றிருந்தது. முப்பத்திரண்டு என்றுதான் உலகத்துக்கே சொல்லி வைத்திருந்தான் நாயகன்.

"யார் சொன்னது?"

"பார்த்தாலே தெரியுதே சார்."

கெட்டிக்கார அம்மா என்று அப்போதே முடிவு கட்டிவிட்டான். அன்றிலிருந்து அவர் கிழித்த கோட்டைத் தாண்டவில்லை. கொளுத்தும் வெயிலில் கம்பளிக் கோட்டு, மணிக்கட்டை வீங்கவைத்த இரும்பு வாள், இடது வலது என்ற வித்தியாசமே இல்லாத பூட்ஸ் என்று எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டான்.

நேற்றுதான் மொட்டைப் பேச்சு வந்தது. "கப்பல்ல பேன் தொல்லை சார். தலைவன்ல இருந்து சமையல்காரன் வரைக்கும் மொட்டைதான். புத்தகத்துலயே இருக்கு."

"மொட்டை மாதிரி தொப்பி ஒட்டிக்கலாமே மேடம்?"

"ஒட்டலாம். நெத்தியில கோடு தெரியும். பூதக்கண்ணாடி வட்டம் போடுவான்."

நாயகன் உடனே முடிதிருத்துபவரை வரச் சொல்லி ஆளனுப்பினான்.

இப்போது முடி முழுக்கத் தரையில் கிடந்தது. பேராசிரியை கிட்டே வந்து உற்றுப் பார்த்தார்.

"புருவமும் சார்."

"புருவமுமா?"

"அது புருவம்னு பேனுக்குத் தெரியுமா சார்?"

நாயகன் புருவத்தை ஒருமுறை தடவிப் பார்த்தான். பூதக்கண்ணாடியின் இளிப்பு கண்முன் வந்து நின்றது. "எடுய்யா!" என்றான்.

அதுவும் போயிற்று. கண்ணாடியில் தெரிந்த யாரோ ஒருவனைப் பார்த்து நாயகன் கறுவினான். "இப்ப சிரிக்கட்டும் பார்க்கலாம் அந்தப் பய! மேடம், பேட்டியில ஆதாரத்தோட அடிக்கணும். அந்தப் புத்தகத்தோட பேர் என்ன?"

பேராசிரியை கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார்.

"அப்படி ஒரு புத்தகமே இல்ல சார்."

"என்னது?" இல்லாத புருவத்தை உயர்த்தினான் நாயகன்.

"ஜிப் வேண்டாம்னு சொன்ன டெய்லர் என் வீட்டுக்காரர்."