பகுதி நேரம்

ஞாயிற்றுக்கிழமை மத்தியான வெயில் இஸ்திரி மேசையில் பாதியும் தரையில் பாதியுமாக விழுந்து கிடக்கிறது. நாற்பத்து மூன்று வயதில் மாலைநேரக் கல்லூரியில் சேர்ந்தவள், மகனின் சட்டைக் கையை நீவி நீவித் தேய்க்கிறாள். எதிரே சுவரில் சாய்ந்து நிற்கிறது வரலாற்றுப் புத்தகம். பக்கம் புரளாமல் இருக்கத் துணிக் கிளிப் மாட்டியிருக்கிறாள். டிவி அலறுகிறது. "சத்தத்தக் கொஞ்சம் குறைங்களேன். நாளைக்குப் பரீட்சை." சோபாவில் சாய்ந்திருக்கும் கணவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "உன்னோடது பகுதி நேரந்தானே. என்னமோ ஊரையே ஆளப் போற மாதிரி."

அவள் தேய்த்த சட்டையோடு மகனின் அறைக்குள் போகிறாள். முழுநேரம் படிக்கிற பிள்ளை மின்விசிறிக்கடியில் வாயைப் பிளந்து தூங்குகிறான். தலையணைக்கு முட்டுக் கொடுத்திருக்கிற அவனுடைய புத்தகம் இன்னும் புது வாசனை போகாமல் இருக்கிறது. சட்டையை நாற்காலியில் மாட்டிவிட்டு, கதவை ஓசைப்படாமல் சாத்திக்கொண்டு வருகிறாள். "பையன் மும்முரமா படிச்சிட்டிருக்கான்," என்கிறாள். கணவர் பதறிப்போய் ரிமோட்டைத் தேடியெடுத்து டிவியை அணைக்கிறார். "இத முதல்லயே சொல்றதுக்கென்ன?" ஊசி விழுந்தால் கேட்கும்போல் வீடு அடங்குகிறது. அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைக்கிறாள், கிளிப்பைக் கழற்றுகிறாள், பொய் சொல்லி வாங்கிய அமைதியில் முதல் வரியை வாய்விட்டுப் படிக்கத் தொடங்குகிறாள். "மெதுவா," என்கிறார் கணவர், "அவன் படிக்கிறான்ல."

அவளுடைய உதடு மட்டும் அசைகிறது.