கூடுதல் அரை டிகிரி

மலையுச்சி வானிலை நிலையத்தில் கணவர் இருபத்தைந்து ஆண்டுகள் பார்த்த வேலையை, அவர் இறந்தபின் நான்கு ஆண்டுகளாக அவள் பார்த்துவந்தாள். தினமும் காலை எட்டு மணிக்கு வெள்ளைப் பெட்டியைத் திறந்து, வெப்பமானியைப் பார்த்து எழுத வேண்டும். பெட்டிக்குள் மூச்சு மட்டும் விடக்கூடாது; அளவு ஏறிவிடும்.

வருடாந்திரச் சராசரி எல்லா மலைகளிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டுதான் இருந்தது. இங்கே மட்டும் எப்போதும் அரை டிகிரி கூடுதல்.

தொலைபேசியில் மேலதிகாரி அலுத்துக்கொண்டார். "உங்க வீட்டுக்காரர் முத்தம் குடுக்கப்போறவர் மாதிரி குனிஞ்சு மூச்சு விடுவாரு. சொல்லிச் சொல்லி வாய் வலிச்சதுதான் மிச்சம். அவர் போனப்புறமும் குறையலையேம்மா. நீங்களுமா? இப்படியே போனா நிலையத்தை மூடிடுவாங்க."

மறுநாள் பனி கொட்டிக்கிடந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு பெட்டியைத் திறந்தாள். வெப்பமானியின் கண்ணாடியில் ஆவி படிந்தது, கலைந்தது, மறுபடி படிந்தது. அந்த மூச்சுக்கு அவசரமே இல்லை.

அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

"கொஞ்சம் தள்ளித்தான் நில்லுங்களேன்" என்றாள். "மூடிடப்போறாங்களாம்."

பாதரசம் அரை டிகிரி இறங்கியது. நான்கு குளிர்காலங்களில் முதல்முறையாக அவளுடைய பிடரியில் குளிர்காற்று பட்டது.