அச்சாகப் பொருந்தும் சக்கரம்

தாய்லாந்தின் கோராட் நகரில் ஒரு பழைய சக்கரக் கடைக்குள் காய்கறி வியாபாரி மாலிவன் தயங்கி நுழைந்தாள்.

"பிக்கப் வண்டிக்கு நாலு சக்கரம் வேணும், தம்பி."

"எத்தனை போல்ட்? நடுத்துளை அளவு என்ன?" என்றான் கடைக்காரன் துவாங்.

"தெரியாதே."

"செருப்பு வாங்க வந்தேன்னு நெனச்சியாக்கா? அளவு தப்பினா ரோட்டுல கழண்டு ஓடும். உனக்கெல்லாம் எதுக்கு வண்டி?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மாலிவனின் முகம் சிவந்தது.

"மீன் சந்தைக்கு எதிர்ல இருக்கிற என் வீட்டு வண்டிதான். நீயே பார்த்துக் குடு."

"அந்தப் பச்சை வண்டியா! மூலையில இருக்கிற நாலையும் எடுத்துக்க. மாட்டிட்டு செங்கல்லேருந்து இறக்கு, அச்சா பொருந்தும்."

"பொருந்தாம? நேத்து வரைக்கும் அதுலதானே இருந்துச்சு!" என்றாள் மாலிவன். "வண்டி செங்கல் மேல நிக்குதுன்னு உனக்கு யாருடா சொன்னது?"